ஒரே தட்டு, இரண்டு பருவம்: கட்டிங், பல்க்கிங் மாற்றத்தின் கலோரிக் கணக்கு

வங்கக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு 45 நாட்களாக இருந்த இந்தத் தடைக்காலம் இப்போது 61 நாட்கள். ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் இந்த இரண்டு மாதங்கள்தான், கடல்தொழிலுக்குப் போகும் இளைஞர் ஒருவருக்குத் தொடர்ச்சியான இரவுத் தூக்கமும் ஒழுங்கான பயிற்சி நேரமும் வாய்க்கும் காலம். ஜிம் பழக்கம் உள்ளவர் இதையே பல்க்கிங் காலமாக, அதாவது கூடுதலாக உண்டு தசையை ஏற்றிக்கொள்ளும் காலமாக வைத்துக்கொள்ள நினைப்பது இயல்பு. அப்போது அவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "ஐந்நூறு கலோரி கூட்டிச் சாப்பிடு" என்பதாகத்தான் இருக்கும். எந்த அளவின் மேல் ஐந்நூறு என்று யாரும் கேட்பதில்லை. கணக்கு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்பதற்குத் தேவையான உணவின் அளவை இங்கே சமநிலை அளவு என்று வைத்துக்கொள்வோம். ஜிம்மில் இதை மெயின்டெனன்ஸ் என்பார்கள். அதற்குக் கீழே உண்பது கட்டிங், மேலே உண்பது பல்க்கிங். கட்டிங்கில் கொழுப்பு கரைய வேண்டும், தசை தங்க வேண்டும். பல்க்கிங்கில் தசை ஏற வேண்டும், கொழுப்பு கூடியவரை ஏறாமல் இருக்க வேண்டும். இரண்டுமே சமநிலை அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறோம் என்பதைப் பொறுத்தவை என்பதால், அந்தச் சமநிலை அளவே நகர்ந்துகொண்டிருந்தால் விலகலும் நமக்குத் தெரியாமலேயே மாறிவிடும். உண்மையில் அது நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. உடல் எடை அதை நகர்த்துகிறது, முந்தைய மாதங்களில் உண்ட உணவு நகர்த்துகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகச் செய்யும் வேலை நகர்த்துகிறது. இந்தக் கரையோரத்தில் வேலையே பருவத்துக்குப் பருவம் மாறுவதால், நகரத்து அலுவலகப் பணியாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட உணவு அட்டவணைகள் இங்கே பொருந்தாமல் போகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளொன்றுக்கு 2,110 கலோரியும், நடுத்தர உழைப்பு என்றால் 2,710 கலோரியும், கடும் உழைப்பு என்றால் 3,470 கலோரியும் தேவை. ஒரே எடை, ஒரே வயதுப் பிரிவு. உழைப்பு மட்டும் மாறுவதால் இரு முனைகளுக்கும் இடையே 1,360 கலோரி வித்தியாசம். கட்டிங்குக்காகக் குறைப்பதும் பல்க்கிங்குக்காகக் கூட்டுவதும் வழக்கமாக முந்நூறு, நானூறு கலோரிதான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொழிலில் ஏற்படும் மாற்றம் நாம் திட்டமிட்டுச் செய்யும் மாற்றத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு பெரிதாக இருக்கக்கூடும்.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன; மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. 65 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று நாள் கடலில் வலை இழுத்து, மீனைத் தரம் பிரித்து, ஐஸ் பெட்டி சுமந்து, மற்ற நான்கு நாளும் கரையில் நடுத்தர வேலை பார்ப்பதாக வைத்துக்கொண்டால், மேற்சொன்ன அளவுகளின்படி அவருடைய வாரத் தேவை 21,250 கலோரி, அதாவது நாளுக்குச் சராசரியாக 3,036. தடைக்காலத்தில் அதே மனிதர் வலை பின்னுகிறார், படகுக்கு வர்ணம் பூசுகிறார், மாலையில் ஜிம்முக்குப் போகிறார். அவருடைய தேவை இப்போது 2,710. அதற்கு மேல் பத்து சதவீதம் கூட்டினால் 2,980. கடல் நாட்களில் அவர் உண்டுவந்த தட்டுக்கும் இந்தப் பல்க்கிங் தட்டுக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை என்பதைக் கவனிக்கலாம். ஒரு கவளம்கூடக் கூட்டாமல், வேலை குறைந்த காரணத்தால் மட்டுமே அவர் பல்க்கிங்குக்குள் வந்துவிட்டார். இதற்கு மேல் அறிவுரைப்படி ஐந்நூறு கலோரியைக் கூட்டினால் உண்மையான மிகை எண்ணூற்றைத் தாண்டிவிடும். அதில் பெரும்பகுதி வயிற்றைச் சுற்றித்தான் போய்ச் சேரும். வாரம் முழுவதும் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவருக்கு இது இன்னும் வியப்பான கணக்காகிவிடும்: 3,470 கலோரி உண்டு எடை ஏறாமல் இருந்தவர், தடைக்காலத்தில் எடை ஏற்றுவதற்காகக் கிட்டத்தட்ட 500 கலோரியைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஜூன் நடுவில் படகுகள் இறங்கும்போது இதே கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது. 2,980 கலோரித் தட்டை மாற்றாமல் வைத்துக்கொண்டு வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகத் தொடங்குபவர், பல்க்கிங்கிலிருந்து சமநிலைக்குத் தானாகவே வந்துவிடுகிறார். வாரம் முழுவதும் கடலிலேயே தங்கும் தங்கலுக்குப் போகிறவர் நேராகக் கட்டிங்குக்கே வந்துவிடுகிறார். 'பல்க்கிங் முடிந்தது, இனிக் குறைக்க வேண்டும்' என்று அந்த வாரத்திலேயே அவர் தட்டையும் குறைத்தால், வேலை கூடியதும் உணவு குறைந்ததும் சேர்ந்து ஆயிரம் கலோரி அளவுக்குப் பற்றாக்குறை விழும். தூக்கமில்லாத இரவு, உப்புக்காற்று, மேல்தட்டில் நின்றபடி வேலை என்றிருக்கும் இடத்தில் அப்படிப்பட்ட பற்றாக்குறை தசையையும் சேர்த்துக் கரைத்துவிடும். படகில் கவனம் தப்பினால் அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. என் கருத்தில், கடல்தொழில் செய்பவர் தொழில் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களில் உணவில் எந்த மாற்றமும் செய்யாமல் இருப்பதே நல்லது.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பரிந்துரையில் உள்ளவை ஒரு கூட்டத்துக்கான சராசரிகள். தனி மனிதர் ஒருவர் அதிலிருந்து இரு பக்கமும் கணிசமாக விலகலாம். தன் சமநிலை அளவை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குக் கடலுக்குப் போகாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் பஜாரில் ஜவுளிக்கடை வேலை, வயது 25, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 76 கிலோ, வாரம் நான்கு நாள் ஜிம். பலரும் பயன்படுத்தும் சூத்திரம், 1990இல் வெளியான மிஃப்ளின் சூத்திரம்: எடையைப் பத்தாலும், சென்டிமீட்டர் உயரத்தை ஆறேகாலாலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, ஆண் என்றால் ஐந்தைச் சேர்க்க வேண்டும். இவருக்கு அது 1,703 கலோரி. படுத்தே கிடந்தாலும் உடல் செலவிடும் அளவு இது. அன்றாட உழைப்புக்காக ஒன்றரையால் பெருக்கினால் 2,554. இவர் 500 கலோரி குறைத்து, நாளொன்றுக்கு 2,050 உண்டு, பன்னிரண்டு வாரத்தில் 70 கிலோவுக்கு இறங்கிவிட்டார் என்று கொள்வோம். இப்போது பல்க்கிங்குக்கு மாற வேண்டும்.

எளிதான வழி, பழைய 2,554இன் மேல் 500 சேர்த்து 3,050 உண்பது. கொஞ்சம் கவனமுள்ளவர் 70 கிலோவுக்குச் சூத்திரத்தை மீண்டும் போட்டு 2,464 என்று கண்டுபிடித்து, அதன் மேல் கூட்டுவார். இரண்டுமே இவருடைய உடல் இன்று செலவிடுவதைச் சொல்லவில்லை. அதைச் சொல்வது கட்டிங்கின் கடைசி மூன்று வாரத்து எடைக் குறிப்பு. தொடக்கத்தில் வாரம் அரைக் கிலோவுக்கு மேல் இறங்கிய எடை, கடைசி வாரங்களில் அதே 2,050 கலோரியிலும் வாரம் கால் கிலோதான் இறங்குகிறது என்றால், கால் கிலோ உடல் கொழுப்பின் ஆற்றல் சுமார் 1,925 கலோரி (கிலோவுக்கு 7,700 என்ற கணக்கில்). ஏழு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 275. அப்படியானால் இவருடைய இன்றைய சமநிலை அளவு 2,050உம் 275உம் சேர்ந்த 2,325. இதன் மேல் பத்து சதவீதம் கூட்டினால் 2,550. பன்னிரண்டு வாரத்துக்கு முன் சமநிலை அளவாக இருந்த அதே எண்தான் இன்று இவருக்குப் பல்க்கிங் எண். 3,050 உண்டிருந்தால் மிகை 725 கலோரி. வாரத்துக்கு அறுநூறு, எழுநூறு கிராம் எடை ஏறியிருக்கும், அதில் தசை சிறு பங்குதான்.

சூத்திரம் 90 கலோரிதான் குறைத்தது. உடலோ 230 கலோரி குறைத்துக்கொண்டது. எஞ்சிய 140 எங்கே போயிற்று? நியூயார்க்கில் லெய்பெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கான அடிப்படை விடையைத் தந்தது: எடை பத்து சதவீதம் குறைந்தால், உடல் சிறுத்ததற்கு ஏற்ற அளவையும் தாண்டி ஆற்றல் செலவு குறைகிறது, பத்து சதவீதம் கூடினால் எதிர்பார்த்ததற்கு மேல் செலவு கூடுகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் குறைவதும், தைராய்டுச் சுரப்பின் செயல்வேகம் தணிவதும் இதற்குக் காரணங்கள். ஆனாலும் அன்றாட வாழ்க்கையில் பெரிய பங்கு, நாம் அறியாமல் செய்யும் சில்லறை அசைவுகளுக்கே உரியது. மூன்றாம் மாதக் கட்டிங்கில் இருப்பவர் கடையில் துணியை எடுக்க எழுவதற்குப் பதில் பக்கத்திலிருப்பவரை எடுத்துத் தரச் சொல்வார். தெருமுனைக்கும் பைக்கை எடுப்பார். பேசும்போது கை அசையாது. செல்பேசியில் தினசரி நடை எண்ணிக்கையைப் பார்த்து வருபவர் இந்தச் சரிவைக் கண்ணாலேயே காணலாம். கட்டிங் நெடுகிலும் நடையின் அளவைக் குறையவிடாமல் வைத்திருந்தால் சமநிலை அளவும் இவ்வளவு கீழே போகாது.

பசி தனிக்கதை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் சேர மறுத்து, அதற்கு மாற்றாக இந்தச் சோதனைக்கு முன்வந்தவர்கள் அவர்கள். ஆறு மாதம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரியில் வாழ்ந்து, உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். பட்டினி முடிந்து கட்டுப்பாடு தளர்ந்தபோது சிலர் ஒரே நாளில் 5,000 கலோரிக்கு மேல் உண்டும் வயிறு நிறையவில்லை என்றார்கள். இழந்த தசை திரும்பி வருவதற்கு முன்பே கொழுப்பு திரும்பி வந்தது; சோதனைக்கு முன்பிருந்த அளவையும் அது தாண்டியது. ஜிம் செல்லும் ஒருவரின் கட்டிங் அவ்வளவு கொடியதல்ல, ஆயினும் போக்கு ஒன்றுதான். கட்டிங் முடிந்த இரண்டு, மூன்று வாரங்களில் பசி, தேவையைவிட அதிகமாகக் கேட்கும். எடை ஏற்றத்தான் போகிறோம் என்ற அனுமதி மனத்திலும் இருக்கும். பரோட்டாக் கடைக்கு முதல் வாரத்திலேயே நடை கட்டுபவர்கள் சோம்பேறிகளோ கட்டுப்பாடற்றவர்களோ அல்லர். அவர்களுடைய உடல் சரியாக வேலை செய்கிறது என்றே அதற்குப் பொருள்.

இந்தக் காரணத்தால் கட்டிங்கிலிருந்து நேராகப் பல்க்கிங்குக்குத் தாவாமல், நடுவில் சமநிலை அளவில் இரண்டு மூன்று வாரம் நிற்பது நல்லது. வாரம் ஐம்பது, நூறு கலோரியாக மெல்ல ஏற்றிக்கொண்டே போகும் முறை ஒன்று சமூக ஊடகங்களில் பெரிதாகப் பேசப்படுகிறது. மெல்ல ஏற்றினால் உடலின் எரிப்பு வேகம் கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அதற்கு உறுதியான சான்று கிடையாது. வாரம் ஐம்பது கலோரி வீதம் 2,050இலிருந்து 2,325க்கு வர ஐந்தாறு வாரமாகும். அந்த வாரங்களெல்லாம் ஒருவர் இன்னும் பற்றாக்குறையில்தான் இருக்கிறார், பயிற்சியும் அதற்கேற்ப மந்தமாகத்தான் நடக்கும். முதல் நாளே சமநிலை அளவுக்கு ஏறிவிட்டு, அங்கே பசியைத் தணியவிட்டு, எடை நிலைகொண்டதைப் பார்த்த பிறகு மிகையைத் தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த முதல் வாரத்தில்தான் பெரும்பாலோர் பயந்து பின்வாங்குகிறார்கள். 2,050இலிருந்து 2,325க்கு ஏறிய ஏழாம் நாள் எடை பார்த்தால் 71.5 கிலோ காட்டும். ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டதே என்று மீண்டும் சோற்றைக் குறைத்தால் மறுபடி இறங்கும். 'எனக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே ஏறிவிடுகிறது' என்ற முடிவுக்கு வந்துவிடுவார். ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் 11,550 கலோரி மிச்சமாக வேண்டும், அதாவது ஏழு நாளும் நாளுக்கு 1,650 கலோரி மிகை. இவர் கூட்டியதோ 275. ஏறியது நீர். கட்டிங்கில் காலியாகிக் கிடந்த தசைகளில் மாவுச்சத்து கிளைக்கோஜனாக மீண்டும் நிறைகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைக்கிறது. 200 கிராம் கிளைக்கோஜன் நிறைந்தாலே எண்ணூறு கிராம் எடை வந்துவிடும். குடலில் தங்கும் உணவின் அளவும், உப்போடு சேர்ந்து நிற்கும் நீரும் மீதியைத் தருகின்றன.

கரையோரச் சமையலில் உப்பு எடையோடு விளையாடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முந்தைய இரவு கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் உண்டவர் மறுநாள் காலை அரைக் கிலோவுக்கு மேல் கூடுதலாக நிற்பது சாதாரணம். அதே வாரத்தில் சித்திரை வெயிலில் வலைக் கொட்டகையில் ஒரு பகல் வேலை செய்தால் வியர்வையில் ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும், மாலைக்குள் தண்ணீரும் நீராகாரமும் நுங்கும் அதைத் திருப்பித் தந்துவிடும். ஆகவே ஒரு நாள் எடைக்குப் பொருளே இல்லை. காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதையும் குடிக்கும் முன் எடை பார்த்து, வாரத்தின் ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்த சராசரியைத்தான் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். உணவை மாற்றிய முதல் இரண்டு வாரச் சராசரிகளைக் குறித்து வைத்தால் போதும், அவற்றைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மூன்றாம் வாரத்திலிருந்துதான் எண் பேசத் தொடங்கும்.

மிகை எவ்வளவு என்பதில் பழைய பயில்வான் மரபும் இன்றைய ஆய்வும் ஒத்துப்போவதில்லை. நிறைய உண்டால் நிறைய தசை என்ற நம்பிக்கை ஆழமானது. நார்வேயின் தேர்ந்த விளையாட்டு வீரர்களிடம் கார்த்தே குழுவினர் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டுதலின்படி கூடுதலாக உண்ட குழுவுக்குக் கொழுப்பு சுமார் 15 சதவீதம் கூடியது; தம் விருப்பப்படி உண்ட குழுவுக்கு 3 சதவீதம். தசையில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஓரளவு பயிற்சி அனுபவம் உள்ளவர் வாரத்துக்கு உடல் எடையில் கால் முதல் அரை சதவீதம் ஏறினால் போதும். 70 கிலோ என்றால் 175 முதல் 350 கிராம். மாதம் ஒரு கிலோ என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடக் கொஞ்சம் வேகம் தாங்கும்.

ஒரே மிகை எல்லோரிடமும் ஒரே பலனைத் தருவதும் இல்லை. 1999இல் மயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைன் 16 பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்தபோது, ஒருவருக்கு 0.36 கிலோ கொழுப்புதான் ஏறியது, இன்னொருவருக்கு 4.23 கிலோ. கூடுதல் உணவு உள்ளே போனதும் சிலர் தம்மை அறியாமலே அதிகமாக அசைகிறார்கள், நிற்கிறார்கள், நடக்கிறார்கள். சிலர் அப்படிச் செய்வதில்லை. 'எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை' என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் இன்னொரு 150 கலோரி கூட்டிப் பார்க்க வேண்டும். நம் ஜவுளிக்கடை நண்பருக்கும் இது பொருந்தும்: 2,550இல் தொடங்கி மூன்று, நான்கு வாரம் நன்றாக ஏறிய எடை பிறகு நின்றுவிட்டால், குறைந்துபோன ஆற்றல் செலவு மீண்டுவிட்டது என்று பொருள். அப்போது கூட்டலாம்.

கூட்டுவது என்றால் சமையலறையில் அது மிகச் சிறிய பொருள். 225 கலோரி என்பது அறுபது, அறுபத்தைந்து கிராம் அரிசி, அல்லது நாற்பது கிராம் நிலக்கடலை. பனங்காட்டுப் பக்கம் தடைக்கால மாதங்களில் கிடைக்கும் பதநீர் ஒரு பெரிய டம்ளர் நூறு கலோரியை ஒட்டி வரும். பசி எடுக்காதவருக்கு அது வசதி. கட்டிங்கில் இருப்பவர் அதை விட்டுவிட்டு நுங்கைத் தின்னலாம், அதில் பெரும்பகுதி நீர். கணக்கில் வராமல் நழுவுபவை தேங்காயும் எண்ணெயும்தான். மீன்குழம்புக்கு அரைக்கும் ஒரு மூடித் தேங்காயில் ஐந்நூறு கலோரிக்கு மேல் இருக்கிறது. எண்ணெயை ஒவ்வொரு வேளையும் அளந்து ஊற்றச் சொன்னால் அம்மாவுக்கோ மனைவிக்கோ கோபம்தான் வரும், அது நியாயமும்கூட. அதைவிட மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்று பார்ப்பது எளிது. ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8,200 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்ந்தால், தலைக்கு நாளுக்கு 270 கலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது. ஒருவருடைய மொத்தப் பல்க்கிங் மிகையும் அவ்வளவுதான். கட்டிங்கில் முதலில் கைவைக்க வேண்டிய இடமும் இதுதான்: வறுவலைக் குழம்பாக மாற்றினாலே பாதிக் குறைப்பு முடிந்துவிடும்.

புரதம் மட்டும் இரு பருவத்திலும் இறங்கக் கூடாது. பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது 2018இல் மார்ட்டன் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட அளவு. 70 கிலோவுக்கு 112 கிராம். கட்டிங்கில் தசையைக் காக்கவும் வயிறு நிறைந்த உணர்வுக்கும் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இருநூறு கிராம் மீன் 40 கிராம் புரதம் தரும், நான்கு முட்டை 24, நூறு கிராம் கொண்டைக்கடலையோ பயறோ 20, அரை லிட்டர் பால் அல்லது தயிர் 16, முந்நூறு கிராம் அரிசி 20. பவுடர் டப்பா இல்லாமலே கணக்கு நிறைந்துவிட்டது. தடைக்காலத்தில் வருமானம் நின்று, மீன் விலையும் ஏறியிருக்கும் வீட்டில், மீனின் பங்கை முட்டையும் பயறும் ஏற்றுக்கொள்ளலாம். பல்க்கிங் என்ற பெயரில் அந்த மாதங்களில் ஆயிரக்கணக்கில் பவுடருக்குச் செலவழிப்பது தேவையற்றது.

பல்க்கிங்கிலிருந்து கட்டிங்குக்குத் திரும்பும்போது மாயம் எதிர்ப்பக்கம் நடக்கிறது. சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கிவிடும், அதுவும் நீர்தான். இந்த வேகம் தொடரும் என்று நம்பி மூன்றாம் வாரத்தில் ஏமாந்து, மேலும் கடுமையாகக் குறைப்பது வழக்கமான தவறு. நிலைத்த பிறகு வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்குவது போதுமான வேகம். இங்கே இடைக்காலமாகச் சமநிலையில் நிற்பது கட்டாயமில்லை, பசி இப்போது எதிரியாக இல்லை. எப்போது திரும்புவது என்பதற்குத் தராசைவிட இஞ்சி டேப்பே நல்ல வழிகாட்டி. இந்தியர்களுக்கு ஒல்லியான தோற்றத்திலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் போக்கு உண்டு; அதனால்தான் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எச்சரிக்கை எல்லைகளாக வைக்கப்பட்டுள்ளன. கை ஏறுவதைவிட இடுப்பு வேகமாக ஏறினால், திட்டமிட்ட மாதம் முடியாவிட்டாலும் பல்க்கிங் முடிந்துவிட்டது.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் நோன்பு மாதம் இந்தத் திட்டத்துக்குள் வந்தே தீரும். ஆண்டுதோறும் அது பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வதால் எந்தப் பருவத்தோடும் சேரலாம். பகலெல்லாம் நீரின்றி இருக்கும் உடலின் எடைக் குறிப்புகளை முந்தைய மாதத்தோடு ஒப்பிட முடியாது. எனவே அந்த மாதத்தில் எந்தப் பக்கமும் மாறாமல், சமநிலை அளவை நோன்பு திறந்த பிறகும் விடியலுக்கு முந்தைய சஹர் உணவிலுமாகப் பிரித்து உண்டு, புரதத்தைக் குறையவிடாமல், பயிற்சியை இரவுக்கு மாற்றிக்கொள்வது போதும். நோன்புக் கஞ்சியில் அரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் இருப்பதால் அதுவே ஒரு வேளை உணவு. அதைப் பானமாகக் கருதி, வடையும் சமோசாவும் தனியாக எண்ணாமல் விடுபவருக்குத்தான் பெருநாள் முடிந்து எடை ஏறியிருக்கும்.

பெண்களின் கணக்கில் இன்னொரு அலை சேர்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடல் நீரைப் பிடித்துவைப்பதால், அடுத்தடுத்த வாரங்களை ஒப்பிடாமல், ஒரு சுழற்சியின் குறிப்பிட்ட வாரத்தை அடுத்த சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்க மூழ்கும் பெண்களுக்குக் கடும் உழைப்புக்கான பரிந்துரை 2,720 கலோரி; பாசி எடுக்கும் நாட்களில் அவர்கள் கட்டிங் செய்வது சரியல்ல, வேலை இல்லாத வாரங்களுக்கு அதைத் தள்ளிப்போடலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் எந்தப் பக்கமும் மாறக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள் ஜிம்முக்கு வந்து கட்டிங் பற்றிக் கேட்டால், வளரும் உடலுக்குப் பற்றாக்குறை தேவையில்லை என்று சொல்லி, மூன்று வேளையும் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி அனுப்புவது பயிற்சியாளரின் பொறுப்பு.